ஹாலில் ஒரு பள்ளிக்கூடம்

இந்த வாரம் கொஞ்சம் சங்கடமான கேள்வி ஒன்றோடு ஆரம்பிக்கலாம். உங்கள் ஆறு வயதுப் பிள்ளையை நாளைக் காலையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போவதில்லை, 'நானே வீட்டில் வைத்துச் சொல்லித்தரப் போகிறேன்' என்று நீங்கள் முடிவெடுக்கிறீர்கள். அப்படி முடிவெடுக்க உங்களுக்கு என்ன உரிமை?

'என் பிள்ளை, என் இஷ்டம்!' என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். கதவு, ஜன்னல், டி.வி. எல்லாம் உங்களுடையதுதான். பிள்ளையும் அந்த வரிசையில் வருமா என்பதுதானே கேள்வியே.

வீட்டிலேயே படிக்க வைக்கிற ஆசை நகரத்து நடுத்தரக் குடும்பங்களில் அங்கங்கே எட்டிப் பார்க்கிறது. காரணம் கேட்டால் எல்லாமே நியாயமாகத்தான் இருக்கும். முதுகை வளைக்கிற புத்தகப் பை. யு.கே.ஜி-யிலேயே டியூஷன். மாதச் சம்பளத்தை விழுங்குகிற ஃபீஸ். 'கையைக் கட்டு, வாயில் விரல் வை' என்கிற அதட்டல். போதாக்குறைக்கு, ரேங்க் கார்டு வருகிற அன்று வீட்டில் நடக்கிற மகாபாரதம். 'எதுக்கு இந்த அவஸ்தை? நம்மால முடியாதா?' என்று தோன்றுவதில் தப்பே இல்லை.

ஏதோ அமெரிக்காவிலிருந்து வந்த ஃபேஷன் என்று நினைத்துக்கொண்டிருந்தால், உங்களைப் புதுக்கோட்டைக்கு அழைத்துப் போக வேண்டும்.

1886-ம் வருடம் ஜூலை 30. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி பிரின்சிபால். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் குலத்தில் பிறந்தவர். பெண் பள்ளிக்கூடம் போனாள், நன்றாகப் படித்தாள். பிறகு வயதுக்கு வந்தாள். அவ்வளவுதான், பள்ளிக்கூடம் முடிந்தது. அந்தக் காலத்து வழக்கம் அது.

அப்பா வழக்கத்துக்குத் தலையை ஆட்டினார். ஆனால் படிப்பை நிறுத்தவில்லை. வீட்டுக்குள்ளேயே பாடம் நடந்தது. அந்தப் பெண் மெட்ரிகுலேஷன் பரீட்சையைத் தனியாக எழுதித் தேறினாள். தேறிய கையோடு, ஆண்கள் மட்டுமே படித்துக்கொண்டிருந்த மகாராஜா கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். ஊர் கொதித்தது. 'ஒரு பெண் உள்ளே வந்தால் எங்கள் பையன்கள் என்ன ஆவது?' என்று எதிர்ப்பு. கடைசியில் ராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 'சேர்த்துக்கொள்ளுங்கள்' என்றார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் டாக்டர். பெயர், முத்துலட்சுமி. நாம் முத்துலட்சுமி ரெட்டி என்று அறிந்த அதே அம்மையார்தான். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர். அவ்வை இல்லத்தையும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் நமக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்.

'பார்த்தீங்களா, வீட்டில் படிச்சாலே போதும்' என்று இந்தக் கதையை வைத்து அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுத வேண்டாம். நன்றாகக் கவனியுங்கள். நாராயணசாமி ஐயர் பள்ளிக்கூடம் பிடிக்காமல் மகளை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. கதவு சாத்தப்பட்டதால் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அங்கே நடந்த ஒவ்வொரு பாடமும் வெளியே இருக்கிற அடுத்த கதவைத் தட்டுவதற்கான தயாரிப்பு. அந்த வீடு ஒரு பாலம். பாலத்தில் யாரும் குடித்தனம் நடத்துவதில்லை.

இன்னொரு அப்பாவையும் பார்ப்போம். 1897 ஜனவரியில் மகன்கள் இரண்டு பேரோடும் அக்கா மகனோடும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வந்து இறங்கினார் ஒரு வக்கீல். வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில், வக்கீலுக்காகச் சலுகை காட்டி, அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். 'மற்ற இந்தியப் பிள்ளைகளுக்குக் கிடைக்காதது என் பிள்ளைகளுக்கும் வேண்டாம்' என்று மறுத்துவிட்டார். எவ்வளவு உயர்ந்த மனசு! வீட்டிலேயே பாடம் என்று முடிவானது. ஆங்கிலேய ஆசிரியை ஒருவரை அமர்த்திப் பார்த்தார். சரிப்படவில்லை. தானே சொல்லிக்கொடுத்தார். ஆனால் பொதுவேலை இழுத்த இழுப்பில் பாடம் ஒழுங்காக நடக்கவில்லை. பிற்பாடு ஜோகன்னஸ்பர்க்கில் ஆபீசுக்கு நடந்து போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே போவதுதான் வகுப்பு.

அந்த வக்கீல் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. மூத்த மகன் ஹரிலாலுக்கு முறையான படிப்பு இல்லையே என்கிற ஏக்கம் தீரவே இல்லை. 1911-ல் 'நான் படிக்கணும்' என்று அப்பாவைப் பிரிந்து இந்தியாவுக்குக் கிளம்பினார். அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் விழுந்த விரிசல் கடைசி வரை ஒட்டவில்லை. பிள்ளைகளுக்கு இந்த மனக்குறை உண்டு என்பதைக் காந்தியே தன் சத்திய சோதனையில் மறைக்காமல் எழுதினார்; அதற்காகத் தன் கொள்கையை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

இரண்டு அப்பாக்களும் பிள்ளை மேல் பாசமுள்ளவர்கள். இரண்டு பேரும் வீட்டில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அப்புறம் வித்தியாசம் எங்கே? ஒருவர் மகள் போக ஆசைப்பட்ட இடத்துக்கு அவளைத் தயார் செய்தார். இன்னொருவர் தன் கொள்கைக்கான விலையில் ஒரு பங்கை மகன் தலையிலும் வைத்தார். மகன் அந்தக் கொள்கையில் கையெழுத்துப் போட்டவன் இல்லை.

அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஜோயல் ஃபைன்பெர்க் 1980-ல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். குழந்தைக்கு என்று சில உரிமைகள் இருக்கின்றன; ஆனால் அவற்றை அது இப்போது பயன்படுத்த முடியாது, வளர்ந்த பிறகுதான் முடியும். அதுவரை பெரியவர்கள் அவற்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இதுதான் 'திறந்த எதிர்காலத்துக்கான உரிமை'. நம்ம ஊர் பாஷையில் சொன்னால், மைனர் பேரில் இருக்கிற சொத்து. கார்டியன் பராமரிக்கலாம், விற்றுத் தின்னக் கூடாது.

ஆக, முதல் கேள்விக்கு என் பதில் இது. வீட்டில் சொல்லித்தர உங்களுக்கு உரிமை இருக்கலாம். ஆனால் அது சொந்தக்காரனின் உரிமை இல்லை, கார்டியனின் உரிமை. கணக்குக் காட்ட வேண்டிய உரிமை.

'சட்டம் என்ன சொல்லுது சார்?' என்பீர்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையை அருகாமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று அதில் இல்லை. வீட்டுக்கல்வி பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. 14 வயதானால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் மூலமாகப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். சட்டம் இப்படி ஒரு கண்ணை மூடிக்கொண்டு இருக்கும்போது, மனசாட்சி இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, முடிவெடுத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். முதல் திங்கட்கிழமை எப்படி இருக்கும்?

சார்ட் பேப்பரில் கலர் கலராக டைம்டேபிள். 9 மணிக்குத் தமிழ், 9.45-க்குக் கணக்கு, 10.30-க்குப் பழம். மூத்தது ஆறு வயது, சின்னது நாலு. அன்றைக்கு எல்லாம் பிரமாதம். செவ்வாய்க்கிழமை ஒன்பதே காலுக்கு கேஸ் சிலிண்டர் வந்து நிற்கும். புதன்கிழமை சின்னது டைம்டேபிளுக்கு மீசை வரைந்திருக்கும். வியாழக்கிழமை அத்தை போன் பண்ணி, 'ஏண்டா, புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பலையாமே, ஏதாவது உடம்புக்கா?' என்று முக்கால் மணி நேரம் விசாரிப்பார். வெள்ளிக்கிழமை மூத்தது உங்களைப் பார்த்துக் கேட்கும்: 'அம்மா, இப்ப நீ டீச்சரா, அம்மாவா?'

சிரிக்காதீர்கள். முழு விஷயமும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கிய பிள்ளைக்கு ஓடி வர ஒரு வீடு இருக்கிறது. வீட்டில் அடி வாங்கிய பிள்ளைக்கு, முகத்தைப் பார்த்தே 'என்னடா ஆச்சு?' என்று கேட்க ஒரு டீச்சராவது பள்ளியில் இருக்கலாம். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் அந்தப் பிள்ளை எங்கே ஓடும்? பிள்ளையின் உலகத்தில் இருக்கிற எல்லா அதிகாரத்தையும் ஒரே ஆள் கையில் கொடுத்துவிடுகிறோம். அந்த ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அது ஆபத்துதான். நாட்டுக்குப் பொருந்துகிற நியாயம் ஹாலுக்குப் பொருந்தாதா என்ன?

அதனால்தான் சொல்கிறேன், வீட்டுக்கல்வியில் டைம்டேபிள் பிள்ளையைக் கட்டிப்போடுவதற்கு இல்லை. உங்களைக் கட்டிப்போடுவதற்கு! எப்போது நீங்கள் டீச்சர், எப்போது டீச்சர் இல்லை என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். பதினொரு மணிக்குப் பாடம் முடிந்தது என்றால் முடிந்ததுதான். மத்தியானம் ரசம் சாதம் ஊட்டும்போது 'ஏழும் அஞ்சும் எவ்வளவு?' என்று கேட்கக் கூடாது. ஊட்டுகிற கை அம்மாவின் கை. அதில் கணக்கு வாத்தியார் புகுந்துவிட்டால் ரசம் கசக்கும்.

சின்னப் பிள்ளைக்கு மணி பார்க்கத் தெரியாது. ஆனால் 'இதுக்கு அப்புறம் அது' என்பது நன்றாகத் தெரியும். இட்லி சாப்பிட்டால் பாய் விரிக்க வேண்டும். பாய் விரித்தால் கதை. கதைக்கு அப்புறம் எழுத்து. எழுத்துக்கு அப்புறம் புளியங்கொட்டை எண்ணுகிற கணக்கு. பாயைச் சுருட்டினால் விடுதலை. கடிகாரத்தை மறந்துவிட்டு இந்த வரிசையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டால், சிலிண்டர் வந்தாலும் அத்தை பேசினாலும் நாள் உடையாது. கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். சின்னதுக்கு அதே பாயில் ஒரு ஓரமும் ஒரு பல்லாங்குழியும் போதும்.

'எத்தனை மணி நேரம்?' என்று பயப்பட வேண்டாம். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வருடத்துக்கு 200 நாள், 800 மணி நேரம் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். ஒரு நாளைக்கு 4 மணி நேரம், அதாவது 240 நிமிடம். ஆசிரியருக்கு 30 பிள்ளைகள். வகுத்துப் பாருங்கள். டீச்சரின் முழுக் கவனமும் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 8 நிமிடம்! வீட்டில் இரண்டு மணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்தாலே அதைப் போல் பதினைந்து மடங்கு.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. மிச்சம் 232 நிமிடத்தில் அந்தப் பிள்ளை சும்மாவா இருந்தது? பக்கத்தில் இருப்பவனிடம் ரப்பர் கடன் கேட்டது. கொடுக்காதவனிடம் கோபித்துக்கொண்டது. தன் அப்பா போடாத சட்டையைப் போடுகிற, தன் வீட்டில் கும்பிடாத சாமியைக் கும்பிடுகிற, தன் வீட்டில் சமைக்காத சோற்றைச் சாப்பிடுகிற 29 பேரோடு ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காரக் கற்றுக்கொண்டது. இந்தப் பாடத்துக்கு உங்கள் ஹாலில் வாத்தியார் கிடையாது.

புதுக்கோட்டை பக்கம் வீட்டுப் பாடத்துக்கு ஊரே உதவும் என்பது வேறு விஷயம். சித்தன்னவாசல் குகையில் தாமரைக் குளத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். அதில் மீனையும் அன்னத்தையும் யானையையும் தேடச் சொன்னால் ஒரு காலை ஓடிவிடும். குடுமியான்மலைக்குப் போனால் பாறையிலேயே ஒரு பாடப் புத்தகம் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு. நாலு நாலு ஸ்வரங்களாக, வரிசை வரிசையாக, பயிற்சி. ருத்ராசாரியார் என்பவரின் சீடனான ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்ததாக அதிலேயே இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். நாட்டையே ஆள்கிற ராஜா தன்னை இன்னாருடைய மாணவன் என்றுதான் அறிமுகம் செய்துகொள்கிறான். படித்ததைத் தன் பிள்ளைக்கு மட்டும் அரண்மனைக்குள் சொல்லிக்கொடுக்காமல், வெட்டவெளிப் பாறையில் வெட்டி வைக்கிறான். வாத்தியாருக்கு அன்றைக்கு மூடு சரியில்லை என்பதற்காகப் பாறையில் இருக்கிற பாடம் மாறாது. வீட்டு வாத்தியார்கள் கவனிக்க வேண்டிய இடம்.

இப்போது கொஞ்சம் உறைக்கிற மாதிரி இரண்டு விஷயம்.

ஒன்று: ஹாலில் பாய் விரிப்பது யார்? நூறு வருஷத்துக்கு முந்தைய புதுக்கோட்டையில், மகள் வெளியே போக வேண்டும் என்பதற்காக ஓர் அப்பா வீட்டில் வகுப்பு நடத்தினார். இன்றைக்குப் பல வீடுகளில் வகுப்பு நடத்துவதற்காக அம்மா வேலையை விட்டுவிட்டு உள்ளே வருகிறார். 'அவளுக்குத்தான் பொறுமை ஜாஸ்தி' என்று அப்பா சர்டிபிகேட் கொடுத்துவிட்டு ஆபீஸ் கிளம்புகிறார். இதே மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். கல் குவாரியில் வேலை செய்த பெண்களும் வயலில் வேலை செய்த பெண்களும் எழுத்துக் கற்றார்கள். கையோடு ஆயிரக்கணக்கானவர்கள் சைக்கிளும் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த சைக்கிளிலேயே ஏறிப் போனார்கள். அப்படி வாசலைத் தாண்டிப் போன பெண்களின் மகள்களை, பேத்திகளை, 'பிள்ளை படிப்பு' என்கிற பெயரில் நாம் திரும்ப உள்ளே கூப்பிடுகிறோமா? வீட்டுக்கல்வி நடக்கட்டும். ஆனால் அம்மாவின் எதிர்காலமும் திறந்தே இருக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் அப்பா பாய் விரிக்கட்டும். அப்போது தெரியும் பொறுமை யாருக்கு ஜாஸ்தி என்று.

இரண்டு: பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு நம் ஊரில் இரண்டு பெயர் உண்டு. வீட்டில் லேப்டாப்பும் அலமாரி நிறையப் புத்தகமும் இருந்தால் 'ஹோம் ஸ்கூலிங்'. ஆடு மேய்க்கப் போனாலோ தம்பியைப் பார்த்துக்கொண்டாலோ 'இடைநிற்றல்'. காரியம் ஒன்று, பெயரை நிர்ணயிப்பது அப்பாவின் பர்ஸ்.

இந்த வித்தியாசத்தைத் தமிழ்நாடு முழுவதும் ஒரே நேரத்தில் பார்த்தோம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் திரும்ப வகுப்பறைக்குள் நுழைந்தது 2021 நவம்பர் 1. பத்தொன்பது மாதம், நாம் கேட்காமலே எல்லார் வீடும் பள்ளிக்கூடம். சில வீடுகளில் பிள்ளைகள் புத்தகமும் கையுமாக வளர்ந்தன. வேறு வீடுகளில் படித்த எழுத்தும் மறந்து போனது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. பக்கத்து வீட்டு அக்கா சாயங்காலம் தெருப் பிள்ளைகளைத் திண்ணையிலோ மரத்தடியிலோ கூட்டி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிற ஏற்பாடு. கவனித்தீர்களா? அதுவும் வீட்டுக்கல்விதான். ஒரே வித்தியாசம், அந்த வீட்டில் மற்றவர்கள் பிள்ளைக்கும் இடம் இருந்தது.

'ஊர் நல்லா இருக்கணும்னு என் புள்ளைய மோசமான ஸ்கூல்ல போட்டு பலி கொடுக்கணுமா?' என்று நீங்கள் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். கொள்கைக்காகப் பிள்ளையைப் பணயம் வைத்த கதையை இப்போதுதானே பார்த்தோம். ஆனால் பள்ளிக்கூடத்தைத் தட்டிக் கேட்கத் தெரிந்த பெற்றோர் எல்லாரும் ஒவ்வொருவராக நழுவிவிட்டால், கேட்கத் தெரியாதவர்களின் பிள்ளைகள்தான் அங்கே மிச்சம் இருப்பார்கள் என்பதையும் மறக்காதீர்கள். நழுவியதற்கு ஏதாவது ஈடு செய்ய வேண்டியிருக்கிறது.

எனவே, வீட்டில் சொல்லித்தர முடிவு செய்தவர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை எழுதுகிற பரீட்சை ஒன்று வைக்கிறேன். கேள்விகள் உங்களுக்குத்தான், பிள்ளைக்கு இல்லை. நாளைக்கே 'நான் ஸ்கூலுக்குப் போறேன்' என்று பிள்ளை சொன்னால், தடுமாறாமல் போய் உட்காரும்படி தயார் செய்திருக்கிறீர்களா? அப்படிச் சொல்லும் தைரியம் அதற்கு உங்கள் முன்னால் இருக்கிறதா? உங்களை விட்டால் அது மனம்விட்டுப் பேச இன்னொரு பெரியவர் உண்டா? பாய் சுருட்டிய பிறகு நீங்கள் அம்மாவாக, அப்பாவாகத் திரும்பிவிடுகிறீர்களா?

நாலுக்கும் 'ஆமாம்' என்றால் பாஸ். டிஸ்டிங்ஷன் வேண்டும் என்பவர்களுக்குக் கடைசியாக ஒரு கேள்வி: எதிர்வீட்டில் பூ கட்டுகிற அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். சாயங்காலம் சும்மாதான் இருக்கின்றன. உங்கள் ஹாலில் இன்னும் ஒரு பாய் விரிக்க இடம் இருக்கிறதா?